நாற்காலி கிடைத்தது, கதவு திறந்ததா?

2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சில ஊர்களின் காவல், தீயணைப்புத் துறைகள் நடத்தும் ஆள்சேர்ப்புத் தேர்வுகள் கறுப்பினத்தவரையும் பெண்களையும் அநியாயமாக வடிகட்டுகின்றன என்று முந்தைய ஆட்சியில் தொடுக்கப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரத் தீயணைப்புத் துறை மீதான வழக்கும் அவற்றில் ஒன்று. தகுதிக்கும் திறமைக்கும் மட்டுமே இனி இடம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

தகுதி, திறமை என்ற இந்த இரண்டு சொற்களையும் நம் வாசகர்களுக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளி வாசல் முதல் வேலைவாய்ப்பு நேர்காணல் வரை நாம் கேட்டுப் பழகியவை அவை. தீயணைப்புத் துறையில் அந்தச் சொற்கள் என்ன செய்தன என்று அறிய, நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறைக்குத் தலைமை வகித்த ராபர்ட் லோவரியின் கதையைப் பார்ப்போம்.

லோவரி பிறந்தது 1916இல், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில். அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படித்துவிட்டுப் புறப்பட்டதும் அதே 1916இல்தான். பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் ஹார்லம், அப்போதே கறுப்பின மக்கள் பெருமளவில் குடியேறி வந்த பகுதி. ஆனால் அந்த மாநகரத்தின் தீயணைப்பு நிலையங்களில் கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1919இல் வெஸ்லி வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் தேர்வில் வென்று பணியில் சேர்ந்தார். அவர் வருகிறார் என்றதும் அந்த நிலையத்தில் இருந்த வெள்ளையர்கள் எல்லாரும் தங்களுக்கு இடமாற்றம் கேட்டார்கள். வில்லியம்ஸ் அசரவில்லை. படிப்படியாக உயர்ந்து 1938இல் பட்டாலியன் தலைவர் ஆனார். 1940இல் கறுப்பினத் தீயணைப்பாளர்களைத் திரட்டி ‘வல்கன் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

லோவரி 1941இல் பணிக்கு வந்தபோது நிலையங்களில் ‘கறுப்பர் படுக்கை’ என்ற வழக்கம் இருந்தது. தீயணைப்பு நிலையம் என்பது வீரர்கள் சேர்ந்து சமைத்து, உண்டு, உறங்கும் இடம். அங்கே கறுப்பினத்தவருக்கென்று ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்தார்கள். அதில் வேறு யாரும் படுக்க மாட்டார்கள். எரியும் கட்டடத்துக்குள் ஒருவரை நம்பி ஒருவர் நுழைபவர்கள், தூங்கும்போது மட்டும் தீட்டுப் பார்த்தார்கள். இரட்டைக் குவளை பார்த்த கண்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. அந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடிய வல்கன் சங்கத்துக்கு, லோவரி பின்னாளில் பலமுறை தலைவராக இருந்தார்.

தீ விபத்துகளின் பின்னணியை விசாரிக்கும் அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1963இல் துணை ஆணையர் ஆனார். 1965 தேர்தலில் வென்ற மேயர் ஜான் லிண்ட்சே அவரை ஆணையராக நியமித்தார். 1966 ஜனவரி 1 அன்று லோவரி பொறுப்பேற்றார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் தீயணைப்பு ஆணையர் நாற்காலியில் கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல்முறை.

அது பூ விரித்த நாற்காலி அல்ல. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று மன்ஹாட்டனின் 23ஆம் தெருவில் நடந்த தீ விபத்தில், தரை இடிந்து 12 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 2001 செப்டம்பர் 11 வரை அந்தத் துறை ஒரே நாளில் சந்தித்த மிகப் பெரிய உயிரிழப்பு அதுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் தெற்கு பிராங்ஸ், புரூக்ளின் பகுதிகளின் ஏழைக் குடியிருப்புகள் தொடர்ந்து எரிந்தன. 1972இலிருந்து நகர நிர்வாகம் செலவைக் குறைக்கிறோம் என்று தீயணைப்புப் பிரிவுகளை மூடத் தொடங்கியது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குத்தான் அதிக அடி. அந்த மூடல்களின் தொடக்கத்தில் ஆணையர் நாற்காலியில் இருந்தவர் லோவரியேதான். 1973இல் அவர் பதவியை விட்டு விலகினார்.

நம்மவர் ஒருவர் மேலே போய்விட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நாமும் பலமுறை நம்பியிருக்கிறோம். லோவரி தன் காலத்தில் கறுப்பின இளைஞர்களைத் துறைக்குள் கொண்டுவர முயன்றார். ஆனால் நியூயார்க்கில் ஆணையரை நியமிப்பது மேயர். வீரர்களைத் தேர்ந்தெடுப்பதோ எழுத்துத் தேர்வு. அந்தத் தேர்வை நடத்துவது நகரின் வேறொரு துறை. ஆணையர் நாற்காலியின் கை அங்கே எட்டவில்லை.

எட்டியது வழக்குதான். லோவரி ஆணையராக இருந்த காலத்திலேயே, 1971இல் நடந்த தேர்வை எதிர்த்து வல்கன் சங்கம் நீதிமன்றம் போனது. அந்தத் தேர்வு பணிக்குத் தேவையான திறனைத்தான் அளக்கிறது என்று நிர்வாகத்தால் நிரூபிக்க முடியவில்லை என 1973இல் தீர்ப்பு வந்தது. மூன்று பேரை எடுத்தால் சிறுபான்மையினர் ஒருவரையும் எடுக்க வேண்டும் என்று தற்காலிக ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த ஏற்பாடு முடிந்ததும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நகர மக்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய கால்வாசி. தீயணைப்பு வீரர்களிலோ அவர்கள் சுமார் 3 விழுக்காடுதான்.

வல்கன் சங்கம் மீண்டும் புகார் செய்தது. 2007இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே நியூயார்க் நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அப்போது ஆட்சியில் இருந்தது குடியரசுக் கட்சி என்பதையும் குறித்துக்கொள்வோம். 1999, 2002 ஆண்டுகளில் நடந்த தேர்வுகள் பாகுபாடானவை என்று 2009இல் நீதிமன்றம் கூறியது. தேர்வே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தீயை அணைக்கும் திறனை அளக்காத தேர்வை வைத்து, ஒரு சில மதிப்பெண் வித்தியாசத்தில் ஆட்களைக் கழித்துக் கட்டாதே என்றுதான் சொன்னது. 2012இல் புதிய தேர்வு வந்தது. அதன் பிறகு கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் முன்பைவிடக் கூடுதலாகப் பணியில் சேர்ந்தார்கள். பழைய தேர்வுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு சுமார் 9.8 கோடி டாலர் தர நகரம் 2014இல் ஒப்புக்கொண்டது.

லோவரி பதவி விலகியதற்கும் இந்த இழப்பீட்டுக்கும் இடையே 41 ஆண்டுகள். இதற்குள் 1978இல் அகஸ்டஸ் பீக்மன் என்ற இன்னொரு கறுப்பினத்தவரும் ஆணையராக வந்து போனார். நாற்காலியில் இரண்டு முறை நம்மைப் போன்றவர் அமர்ந்தும், வாசலில் நின்றவர்களுக்கு வழிவிட்டது சட்டமும் சங்கமும்தான்.

அந்தச் சட்டக் கருவியைத்தான் அமெரிக்க அரசு இப்போது கீழே வைக்கிறது. 2007இல் வழக்குத் தொடுத்த அதே அமைச்சகம் 2025இல் அதுபோன்ற வழக்குகளைக் கைவிடுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தபோது, அந்நகரத் தீயணைப்புத் துறையின் முதல் பெண் தலைவர் கிறிஸ்டின் குரவுலி சலுகையில் பதவி பெற்றவர் என்று பழி பேசியவர்கள் உண்டு. அவர் அதே துறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உயர்ந்தவர். மேலே போனவரின் தகுதியைக் கேள்வி கேட்பதும், கீழே இருப்பவரின் வழியை அடைப்பதும் ஒரே காலத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம்மில் ஒருவர் உயர்பதவிக்கு வந்தால் மகிழ்வோம்; சுவரொட்டியும் ஒட்டுவோம். மறுநாளே அந்தத் துறையின் கடைநிலைப் பணிக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள், தேர்வில் என்ன கேட்கிறார்கள், நம்மவர் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கணக்குக் கேட்போம். வல்கன் சங்கம் அந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. லோவரியின் பெயரை நாம் நினைவில் வைக்க வேண்டியது, அவர் முதல் ஆணையர் என்பதற்காக மட்டுமல்ல. அந்தச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் என்பதற்காக.