படமெடுக்கும் மாணாக்கருக்கும் உபாத்தியாயர் வேண்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆகஸ்டு மாதக் கடைசி தொடங்கி நவம்பர் வரையில், வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும் ஊர் ஊராக உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் விளக்குகள் எரிய, பாண்டு வாத்தியம் முழங்க, பெற்றோரும் பழைய மாணவரும் அண்டை அயலாரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்ட இளைஞர்கள் நீளுருண்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் மறித்தும் மோதியும் ஆடுகிற தங்கள் நாட்டுக் கால்பந்தைக் கண்டு களிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஆண்டுதோறும் சுமார் பத்து லட்சம் பள்ளிச் சிறுவர்கள் இந்த ஆட்டத்தில் இறங்குகிறார்கள். ஆரவாரம் அனைத்தும் அவர்களைச் சூழ்ந்திருக்க, பத்திரிகை நிருபர்களுக்கென்று கட்டிய மேடையறையின் ஓரத்திலோ அதன் கூரையின்மீதோ முக்காலியில் காமிராவைப் பொருத்திக்கொண்டு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் குளிரிலும் காற்றிலும் நின்றபடி ஆட்டம் முழுவதையும் படமெடுக்கும் மாணாக்கன் ஒருவனையோ மாணாக்கி ஒருத்தியையோ யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஊதியமின்றி மனமுவந்து செய்யும் அந்தப் பிள்ளைகளிடம் காமிராவைக் கொடுத்து, அழுத்த வேண்டிய பொத்தானைக் காட்டி, "போய் நில்" என்று அனுப்பிவிடுவதே பல இடங்களில் பயிற்சி என்று கருதப்படுகிறது. ஆட்டக்காரனுக்குப் பயிற்சியாளர் எவ்வளவு அவசியமோ, படமெடுக்கும் மாணாக்கனுக்கும் அவ்வளவு அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தப் படம் வெறும் ஞாபகார்த்தமாக எடுத்து வைக்கப்படுவதன்று. 16 மில்லிமீட்டர் பிலிம் சுருளின் காலத்தில், பயிற்சியாளர்கள் இரவோடு இரவாகச் சுருளைக் கழுவக் கொடுத்து, சனிக்கிழமையன்று அடுத்த வார எதிரணியின் பயிற்சியாளரைப் பாதி வழியில் சந்தித்து, ஒருவர் படத்தை மற்றவருக்கு மாற்றிக்கொள்வதுண்டு. பிறகு வீடியோ நாடாவும் குறுந்தகடும் வந்தன; 2006இல் நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரில் ஹட்ல் என்ற கம்பெனி தோன்றியபின், ஆட்டம் முடிந்த இரவே படம் இணையத்தில் ஏறி, பயிற்சியாளர் கணினிக்கும் ஆட்டக்காரர் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த வாரத்து வியூகம் இந்தப் படத்தைப் பார்த்தே வகுக்கப்படுகிறது. கலாசாலை உபகாரச் சம்பளத்தை நாடும் ஏழைப் பையன் தன் திறமைக்குச் சான்றாக அனுப்புவதும் இந்தப் படத்தைத்தான். இவ்வளவு பொறுப்பு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது.

அந்தக் கைக்குக் கற்பிக்க வேண்டியது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நூறு கஜ நீளமும் ஐம்பத்து மூன்று கஜத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள மைதானத்தில் 22 பேர் அணிவகுத்து நிற்க, பந்து கைமாறிய கணத்திலிருந்து நடுவர் ஊதல் ஊதும் வரையில் ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளே நீடிக்கிறது. தாக்கும் அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தைத் தன் பக்கத்தில் ஓடுகிறவன் வயிற்றில் வைப்பதுபோல் பாவனை காட்டி, மறுகணம் அதைத் தன் இடுப்போரம் மறைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நழுவிப் போவான்; பழக்கமில்லாத பிள்ளையோ வெறுங்கையோடு ஓடுகிறவன் பின்னே காமிராவைத் திருப்பிவிடும்; மறுநாள் பயிற்சியாளர் திரையில் காண்பது ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடக்கும் கும்பலைத்தான்; பந்து போன இடம் படத்திலேயே இராது. ஆகையால் முதற்பாடம் பொறுமை: அணிகள் வரிசை கட்டும்போதே பதிவைத் தொடங்கி, 22 பேரும் சட்டத்துக்குள் அடங்கும்படி அகலமாக வைத்து, பந்து உண்மையில் எவன் கையில் இருக்கிறது என்பது தெளிந்தபின் மெதுவாகத் திரும்பி, ஊதல் ஒலித்துச் சற்று நேரம் கழித்தே நிறுத்த வேண்டும். இடையிடையே ஸ்கோர்போர்டைச் சில விநாடி காட்டினால், எந்த நிலைமையில் எந்த உத்தி கையாளப்பட்டது என்பது விளங்கும். கோல் எல்லைக்குப் பின்னால் இருபதடிக்கு மேல் உயர்ந்த கம்பத்தில் நிற்கும் இரண்டாவது காமிரா, முன்வரிசை ஆட்டக்காரரிடையே திறக்கும் சந்துகளைக் காட்டுவதற்கானது; அதன் கோணமும் வேறு, இலக்கணமும் வேறு. முதல் நாளே பாட்டரிக்கு மின்னேற்றி வைப்பதும், நினைவு அட்டையைக் காலி செய்து வைப்பதும், ஒலிவாங்கி திறந்திருக்கிறது என்ற உணர்வோடு வாயை மூடி நிற்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றினாலும், இவற்றில் ஒன்று தவறினால் ஓரிரவின் உழைப்பு முழுதும் வீணாகும்.

இதில் இன்னும் ஆழ்ந்த கல்வி ஒன்று அடங்கியிருக்கிறது. தாக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐவர் சாதாரணமாகப் பந்தைத் தொடுவதே இல்லை. தங்கள் தேகபலத்தால் வழி திறந்துவிட்டுப் புகழைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே அவர்கள் தர்மம். கூட்டத்தின் கண் பந்தோடு ஓடும். அவர்கள் உழைப்புக்குச் சாட்சி சொல்ல, அகலமாக எடுத்த அந்தப் படம் ஒன்றுதான் உண்டு. பகட்டுள்ள இடத்தில் மட்டும் பார்வையைச் செலுத்தாமல், காரியம் முழுவதையும், அதில் பங்குகொண்ட அனைவரையும் சமமான சிரத்தையோடு காணும் அப்பியாசம் இளமையிலேயே வாய்க்குமானால், அது பள்ளிக்கூடம் அளிக்கக்கூடிய உயர்ந்த வித்தைகளுள் ஒன்று.

விளையாட்டுப் படத்தின் பிரயோஜனம் வெற்றி தோல்வியோடு முடிவதும் இல்லை. 1970களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வைத்தியர் ஜோசப் டோர்க், கழுத்தெலும்பு முறிந்து கைகால் விளங்காமற்போன ஆட்டக்காரர்களின் விவரங்களைத் திரட்டி, ஆட்டப் படங்களையும் ஆராய்ந்து, தலையைத் தாழ்த்தி அதன் உச்சியால் எதிரியை முட்டுவதே அந்த விபரீதத்தின் காரணம் என்று நிலைநாட்டினார். 1976இல் பள்ளி, கலாசாலை ஆட்டங்களில் அவ்விதம் முட்டுவது விதியால் தடுக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் 34 பேருக்கு நேர்ந்த நிரந்தர முடக்கம், 1984ஆம் வருஷப் பருவத்தில் ஐந்து பேருக்கே நேர்ந்தது. யாரோ எங்கோ கை நடுங்காமல் எடுத்து வைத்த படங்களுக்கும் அந்த இளைஞர்களின் க்ஷேமத்தில் ஒரு பங்கு உண்டு என்பதை, புதிதாக வரும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஆட்டக்காரனைக் காக்க உதவும் இந்த வேலையில், படமெடுக்கிறவனின் உயிரை யார் காப்பது? 2010ஆம் வருஷம் அக்டோபர் 27ஆம் தேதி, இந்தியானா மாகாணத்திலுள்ள நோட்டர் டேம் சர்வகலாசாலையில், கால்பந்துப் பயிற்சியைப் படமெடுப்பதற்காகச் சுமார் நாற்பதடி உயரத்துக்கு ஏற்றியிருந்த யந்திர மேடை, மணிக்கு ஐம்பது மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் சாய்ந்து விழ, அதன்மேல் நின்ற இருபது வயது மாணவர் மாண்டுபோனார். எத்தனை வேகத்துக்கு மேல் காற்றடித்தால் இறங்கிவிட வேண்டும், இடி மின்னலில் என்ன செய்ய வேண்டும், "நான் மேலே ஏற மாட்டேன்" என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்பவற்றை மாணாக்கன் அறிந்திருக்க வேண்டும். அவன் தயங்கினாலும் இறங்கச் சொல்லும் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் கீழே இருக்க வேண்டும். ஏனெனில், உற்சாகமுள்ள இளம்பிள்ளை தானாக ஒருபோதும் வேலையை விட்டு இறங்காது.

மனிதக் கை படாமலே ஆட்டத்தைத் தொடர்ந்து படமெடுக்கும் பிக்ஸலாட் போன்ற யந்திரங்கள் இப்போது பள்ளி மைதானங்களில் வந்துவிட்டனவே, இனி இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர் உண்டு. படம் மட்டுமே வேண்டுமானால் அந்தக் கேள்வி நியாயமானது. யந்திரம் வாடாது, குளிரில் விறைக்காது. ஆனால் பள்ளிக்கூடம் என்பது மனிதரை உருவாக்கும் ஸ்தாபனம். உடற்கட்டில்லாத பையனும் கூச்சமுள்ள பெண்ணும் தங்கள் பள்ளியின் பெருமையில் பங்குகொள்ளக் கிடைத்த ஒரு வாசலை, சௌகரியத்தை உத்தேசித்து அடைத்துவிடுவது விவேகமாகாது. யந்திரம் ஒரு புறம் இருக்கட்டும்; அதன் அருகே மாணாக்கனும் இருக்கட்டும்.

டல்லாஸ் நகரை அடுத்த பிரிஸ்கோ, பிளேனோ போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இத்தகைய பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கணக்கும் விஞ்ஞானமும் தவிர மற்றதெல்லாம் காலவிரயம் என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் மகனோ மகளோ காமிராவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தாரிடம் சென்று, இந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பவர் யார், எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், காற்றும் மின்னலும் வந்தால் இறங்கச் சொல்பவர் யார் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். திருப்தியான விடை கிடைத்தால் மனமார வாழ்த்தி அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரையில் விடாமல் கேளுங்கள்.