சக்கரம் பெரிதாகும்போது டயர் அளவு பிசகலாமா?



சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், சென்னையில் பணிபுரியும் என் தங்கை மகன் தன் ஸ்விஃப்ட் காரில் குடும்பத்துடன் ஊர் வந்து சேர்ந்தான். முன்னிருக்கையில் அவன் உம்மா, பின்னிருக்கையில் மனைவியும் இரு பிள்ளைகளும், பின்புறம் நிறையப் பெட்டிகள். எங்கள் தெருமுனையில் கார் திரும்பியபோது, சக்கரத்தின் மேற்புறத்திலிருந்து ஏதோ உராயும் ஓசை கேட்டது. வாசலில் நின்றிருந்த எனக்கே அது நன்றாகக் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று வினவினேன்.

"ஒன்றுமில்லை மாமா! புதுச் சக்கரம் போட்டிருக்கிறேன். முழுவதும் திருப்பும்போதும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் மட்டும்தான் இப்படி உரசுகிறது" என்று புன்னகையுடன் கூறினான்.

பார்த்தேன். பழைய 14 அங்குல இரும்புச் சக்கரங்கள் போய், பளபளக்கும் 15 அங்குல அலாய் சக்கரங்கள் வந்திருந்தன. பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றியவற்றை, அவற்றில் இருந்த டயர்களோடு சேர்த்து மலிவாக வாங்கியிருக்கிறான். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரக் கூட்டின் உள்ளே கையை விட்டுத் தடவியபோது, பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் தேய்ந்து மெலிந்திருந்தது. டயரின் தோள்பகுதியிலும் வட்டமாக ஒரு தேய்மானக் கோடு விழுந்திருந்தது. என் தங்கையையும் அவள் பேரப்பிள்ளைகளையும் இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் சுமந்து வந்த டயர் அது.

இம்மாதம் இந்தப் பொருளை எழுத நேர்ந்தது இவ்வாறுதான். இல்லத்தரசிகள் 'இது ஆண்கள் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு மிக எளிது; வளையல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

டயரின் பக்கச்சுவரில் ஓர் எண்வரிசை பொறிக்கப்பட்டிருக்கும். அவனுடைய பழைய டயரில் இருந்தது 165/80 ஆர் 14 என்பது. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அன்று. அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு என்று பொருள். 'ஆர்' என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பைக் குறிக்கும். 14 என்பது டயர் பொருந்தும் சக்கரத்தின் விட்டம், அது அங்குலத்தில்! ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என்று மூன்று அளவைகளைக் கலந்து வைத்த புண்ணியவான்கள் யாரோ, அறியேன். மக்கள் இதில் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஒரு வளையலை எண்ணிக் கொள்ளுங்கள். கை நுழையும் உள்விட்டம் ஒன்று. வளையலின் தடிமனையும் சேர்த்த வெளிவிட்டம் மற்றொன்று. உள்விட்டம் கூடும்போது வெளிவிட்டம் மாறாமல் இருக்க வேண்டுமாயின் தடிமன் குறைந்தே ஆக வேண்டும். சக்கரத்துக்கும் டயருக்கும் உள்ள உறவு இதுவே. சக்கரம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் பெரிதானால், மேலும் கீழுமாக டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர் குறைய வேண்டும். தரையில் உருளும் வெளிவட்டம் பழைய அளவிலேயே நிற்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். பழைய டயரில் பக்கச்சுவர், 165-இல் நூற்றுக்கு எண்பது, ஆக 132 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 264. சக்கரம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீட்டர். கூட்டினால் மொத்த விட்டம் 619.6.

அவன் மாட்டியிருந்த டயர் 205/65 ஆர் 15. பக்கச்சுவர் 133.25, இரண்டுக்கும் 266.5. சக்கரம் 381. மொத்தம் 647.5 மில்லிமீட்டர்.

கவனித்தீர்களா? சக்கரம் வளர்ந்தது, பக்கச்சுவரோ சிறிதும் குறையவில்லை. மொத்த விட்டத்தில் சுமார் 28 மில்லிமீட்டர், நூற்றுக்கு நாலரை பங்கு கூடிவிட்டது. அகலத்திலும் 40 மில்லிமீட்டர் அதிகம். ஐந்து பேரும் சாமான்களும் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது, அந்தப் பருத்த டயர் கூட்டின் மேற்புறத்தைத் தொடாமல் வேறென்ன செய்யும்? சென்னையில் தனியாக அலுவலகம் சென்றுவந்தபோது கேட்காத ஓசை, ஊருக்குப் புறப்பட்ட அன்று கேட்டதன் காரணம் இதுதான்.

உராய்வு காதில் கேட்கும் குறை. கேட்காத குறையும் ஒன்றுண்டு. வேகமானியும் தூரமானியும் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்தே கணக்கிடுகின்றன. பழைய டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1,946 மில்லிமீட்டர் செல்லும். புதியது 2,034 மில்லிமீட்டர் செல்லும். காருக்கு இந்த மாற்றம் தெரியாது. முள் 100 என்று காட்டும்போது முன்பிருந்ததைவிட நூற்றுக்கு நாலரை பங்கு கூடுதல் வேகத்தில் ஓடிக் கொண்டிருப்பீர்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்பது பன்னாட்டு விதி. ஆகவே தயாரிப்பாளர்கள் அதைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றனர். அந்தச் சிறு பாதுகாப்பைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது.

"மாமா, சக்கரம் மாற்றியதிலிருந்து மைலேஜும் குறைந்துவிட்டது" என்று மருமகன் குறைபட்டுக் கொண்டான். கனமான சக்கரத்தைச் சுழற்ற எரிபொருள் கூடுதலாகச் செலவாவது மெய்தான். ஆயினும் அவன் கண்ட குறைவில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை! கார் 100 கிலோமீட்டர் ஓடினால் தூரமானி 95.7 என்றே பதிவு செய்யும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, எந்தக் குறையும் இல்லாமலேயே 17.2 கொடுப்பதாகத் தோன்றும்.

அப்படியாயின் 15 அங்குலச் சக்கரத்துக்கு எந்த டயர் தகும்? இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே காரின் உயர்ரகப் பதிப்புக்கு அதன் தயாரிப்பாளரே 15 அங்குலச் சக்கரத்தோடு 185/65 ஆர் 15 பொருத்தி விற்றிருக்கிறார். அதன் கணக்கு: பக்கச்சுவர் 120.25, இரண்டுக்கும் 240.5, சக்கரம் 381, மொத்தம் 621.5 மில்லிமீட்டர். பழைய டயருக்கும் இதற்கும் வேறுபாடு இரண்டே மில்லிமீட்டர்! மொத்த விட்டம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் மாறக் கூடாது என்பது தொழிலறிந்தோர் பொதுவாகக் கைக்கொள்ளும் எல்லை. என் கருத்தில் ஒரு பங்குக்குள் நிற்பதே நல்லது.

'இன்னும் ஓர் அங்குலம் ஏற்றி 16 போடலாமே' என்று இளைஞர்கள் கேட்பர். 195/55 ஆர் 16 போட்டால் மொத்த விட்டம் 620.9; கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 107 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. காரின் எடையைத் தாங்குவது ரப்பரைவிடப் பெரும்பாலும் அதனுள் அடைபட்ட காற்றே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுவர் குட்டையாகக் குட்டையாகப் பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்ளும் காற்றுமெத்தை மெலிகிறது. டயரின் உட்கயிறுகள் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்புவதும், அலாய் சக்கரத்தின் விளிம்பு விரிசல் காண்பதும் இதனால்தான். இரும்புச் சக்கரம் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். தட்டிச் சரிசெய்து விடலாம். அலாய் வெடித்துவிடக்கூடும். நம் ஊர்ச் சாலைகளையும், வர்ணம் பூசாத வேகத்தடைகளையும் எண்ணிப் பார்த்தால் இந்தக் காருக்கு 15 அங்குலமே போதும் என்பேன். திருப்பத்தில் கார் உறுதியாக நிற்கிறது என்பது 16-இன் சிறப்புத்தான். குடும்பக் காருக்கு அது அத்தனை தேவையில்லை.

அளவுக்குப் பின்னே இன்னோர் எண்ணும் எழுத்தும் இருக்கும்; பலர் அதை நோக்குவதே இல்லை. 88 எச் என்றிருந்தால், அந்த ஒரு டயர் உச்சமாக 560 கிலோ எடையைத் தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும் என்று பொருள். 85 என்றால் 515 கிலோ. 83 என்றால் 487 கிலோ. 'டி' என்னும் எழுத்து 190 கிலோமீட்டரையும், 'எஸ்' 180-ஐயும் குறிக்கும். இங்கே ஒரு மயக்கம் நேரும். 205/45 ஆர் 16 என்ற டயர் பார்வைக்கு அகலமாகவும் கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் அதில் 83 என்று பொறித்தவை உண்டு. 85 பொறித்த மெலிந்த பழைய டயரைவிட அது குறைவாகவே சுமக்கும்! பாரக் குறியீடு பழைய டயரினதைவிடக் குறையவே கூடாது. 'நான்கு டயரால் பெருக்கினால் போதுமான அளவு வருகிறதே' என்று வாதிடுவோரும் உண்டு. எஞ்சின் இருக்கும் முன்புறம் கூடுதலாகச் சுமக்கிறது. பிரேக் போடும்போது அது இன்னும் கூடுகிறது. பெருக்கல் கணக்கு அங்கே உதவாது.

டயர் சரி, சக்கரம்? மருமகன் வாங்கிய சக்கரங்களின் அகலம் 6 அங்குலம். 185/65 டயர் 5 முதல் 6.5 அங்குல அகலச் சக்கரம் வரை ஏற்கும். ஆகவே சக்கரங்களை வைத்துக்கொண்டு டயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று கண்டோம். ஆனால் வேறொன்று அகப்பட்டது. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டீயரிங் அதிர்கிறது என்று அவன் சொன்னதன் காரணம் அது.

சக்கரத்தின் நடுவில் ஒரு துளை உண்டு; காரின் அச்சுமுகம் அதனுள் இறுகப் பொருந்த வேண்டும். ஸ்விஃப்டில் அது 54.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தைச் சக்கரங்கள் பல கார்களுக்கும் பொருந்தும்படி 73.1 மில்லிமீட்டர் வரை பெரிய துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் மையத்தில் அமராமல் மயிரிழை விலகிச் சுற்றும். மாட்டிக் கொடுத்தவர் அந்த வளையத்தைப் போடவே இல்லை. விலை சொற்பந்தான்.

போல்ட் துளைகளிலும் ஏமாந்துவிடக் கூடாது. ஸ்விஃப்டுக்கு 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்கள். ஃபியட் புன்டோவில் அந்த வட்டம் 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று வலிந்து முடுக்கினால் நட்டு ஏறிவிடும்; ஆனால் போல்ட்கள் வளைந்த நிலையிலேயே பாரத்தைச் சுமக்கும். சக்கரம் ஓட்டத்தில் கழன்று ஓடுவது இத்தகைய அலட்சியத்தால்தான். 'எல்லாம் நான்கு துளைதான் பாய்' என்று எவரேனும் சொன்னால் அக்கடையை விட்டு வெளியேறி விடுங்கள்.

சக்கரத்தின் உட்புறத்தில் 'இ.டி.' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது அச்சில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்புறமாக விலகியிருக்கிறது என்பதே அது. அகலம் ஒன்றாக இருந்து, 40 இருந்த இடத்தில் 25 போட்டால் சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே துருத்தும். பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அது வீண் சுமை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. தயாரிப்பாளரே அதே மாதிரிக்கு வழங்கியுள்ள அளவைத் தேர்ந்தெடுத்தால் சட்டத்துக்கும், பிற்பாடு இன்சூரன்ஸ்காரர் கேள்விக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நலம்.

மறுவாரமே அவன் 185/65 ஆர் 15 டயர்கள் நான்கு வாங்கினான். வாங்குமுன் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணையும் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரத்தில் உருவான டயர். கடையில் நெடுநாள் கிடந்ததைப் புதிது என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. வளையங்களும் போட்டாயிற்று. காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த அளவுக்குரியதைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பச் சொன்னேன். முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அளவோடு முடுக்கச் சொன்னேன். புதிதாக மாட்டிய அலாய் சக்கரங்களில் அவை சற்றே தளர்வதுண்டு.

உராய்வு நின்றது, அதிர்வும் நின்றது. பெரிய டயர்களை வந்த விலைக்கு விற்றதில் அவனுக்கு நட்டந்தான். சரியான அளவை முதலிலேயே வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும் என்று அவன் உம்மா இன்றும் இடித்துரைக்கிறாள். பழைய 14 அங்குல இரும்புச் சக்கரங்களில் ஒன்று ஸ்டெப்னியாகக் காரிலேயே இருக்கிறது. வெளிவிட்டம் ஏறத்தாழ ஒன்றே ஆகையால், பஞ்சரானால் கடை வரை மெல்ல ஓட்டிச் செல்ல அது போதும். அதற்குரிய பழைய நட்டுகள் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு, ஸ்டெப்னியின் குழியிலேயே வைக்கச் செய்தேன். அலாய் சக்கரத்தின் நட்டுகள் இரும்புச் சக்கரத்தில் சரியாக அமரும் என்று நம்புவதற்கில்லை.