கடவுச்சீட்டும் நுழைவுச்சீட்டும்

மட்டக்களப்புக்கு விடுமுறையில் வரும் புலம்பெயர்ந்தோர் மாதுறு ஓயா, கல்லோயா தேசிய பூங்காக்களுக்கும் போகிறார்கள். வாயிலில் இரண்டு விலைகள்: உள்நாட்டவருக்கு ரூபாய், வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கு. (படுவான்கரையில் யானை பார்க்கச் சீட்டே வேண்டாம், இரவில் அதுவே வளவுக்குள் வரும்!)

அந்நியரிடம் கூடுதலாக அறவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், 1990 இல் உயிர்தப்பி ஓடியவர் எப்படி அந்நியரானார்? வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது, சட்டம் அப்படி. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் காட்டி உள்நாட்டுச் சீட்டையே கேளுங்கள். மச்சானின் அட்டையை மட்டும் நீட்டாதீர்கள், அது களவு. மற்றவர்களுக்கு, இங்கே பதிவான பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே போதும் என்று திணைக்களம் விதி செய்ய வேண்டும்.

செய்வார்களா? 1983 இல் மாதுறு ஓயா பூங்காவானபோது, தம்பானை வேடருக்கு அவர்களது வேட்டைக்காட்டையே அடைத்தவர்கள் இவர்கள்.