பழுப்புத்தலை பாஸ்... தலை ஏன் வெள்ளை?

செமஸ்டர் லீவுல கேமராவும் கையுமா மணமேல்குடி கடலுக்குக் கிளம்பிட்டேன். 2022-ல புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரமா 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமா அறிவிச்சாங்களே, அந்த ஏரியாதான். நம்ம டார்கெட் கடல்பசு இல்லை, கடல்பறவை!

முதல் பாடம்: ஃபைபர் படகுல ட்ரைபாட் வேஸ்ட். படகோட சேர்ந்து அதுவும் ஆடும். கேமராவைக் கையில பிடிச்சு, ஷட்டர் ஸ்பீடை 1/2000-க்கு ஏத்துங்க.

விடிஞ்சதும் தண்ணி மேல ஒரு கூட்டம். பேரு பழுப்புத்தலைக் கடற்காகம். தலையோ வெள்ளை! குழம்பாதீங்க. குளிர்காலத்துல தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். லடாக், திபெத்ல 4,000 மீட்டருக்கும் மேல இருக்கிற ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு இங்கே வர்ற விருந்தாளி. இதையெல்லாம் படகுக்கார அண்ணன்கிட்ட அளந்து விட்டேன்.

அப்புறம்தான் சொதப்பல். "அண்ணே, கூட்டத்துக்குள்ள விடுங்க. பறந்தாத்தான் படம் கெத்து!"

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார். "தம்பி, இமயமலையைத் தாண்டி வந்துச்சுன்னு நீதானே சொன்னே? அசந்து உக்காந்திருக்கிறதை விரட்டச் சொல்றியே. மீன் எங்கே கிடக்குன்னு எங்களுக்குக் காட்டுறதே அதுகதான்."

மூஞ்சி செத்துப்போச்சு.

இருபது நிமிஷம் சும்மா இருந்தோம். திடீர்னு ஆலா ஒண்ணு தலைகீழாப் பாய, மொத்தக் கூட்டமும் தானா எழும்புச்சு. க்ளிக்!

பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தா, அதுதான் எல்லைக்கோடு. அங்கேயே நில்லுங்க மக்கா!