பூட்டி வைத்த லைக்கா

1954-ல் வந்த லைக்கா எம்3-ஐ டிரை கேபினட்டில் பூட்டிவிட்டு, "பாதுகாக்கிறேன்" என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சரிதான். கேபினட் வேண்டாம்னு யார் சொன்னது? ஆனால் வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் ஷட்டரின் மசகு இறுகிவிடும். ஒரு விநாடியில் வைத்து அழுத்திப் பாருங்கள், பாதியில் திணறி நிற்கும். இதுவா பாதுகாப்பு?

இன்னொரு கூட்டம், ஃபிலிமில்தான் ஆன்மா இருக்கு என்று உருகும். ஆன்மாவெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனிச் சாளரம். நடுவில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ். எம்3-ல் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும்: உள்ளே நுழையப்போகும் சைக்கிள், திரும்பப்போகும் முகம். எஸ்எல்ஆரில் க்ளிக் செய்யும் நொடியில் கண்ணாடி எழும்பிப் பார்வையை மறைக்கும், இதில் மறைக்காது. தெருவில் நிற்பவனுக்குத்தான் இதெல்லாம் பயன், அலமாரிக்கு இல்லை.

லைக்காவுக்குக் காசில்லையா? 1966-ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 போதும். அதன் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது. அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். பெனின்சுலாவில் கடைகடையாக விலை விசாரித்தது போதும். காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் 36 படத்தையும் முடித்துவிட்டு வாங்க. லென்ஸ் மூடியைக் கழற்ற மட்டும் மறக்காதீங்க. சாளரத்தில் அது தெரியவே தெரியாது.