போர்வையைப் பார்த்து ஊரைச் சொல்லுங்கள்

நெதர்லாந்தில் ஹேக் என்று ஒரு நகரம். சர்வதேச நீதிமன்றம் இருக்கிற ஊர் என்று நமக்கெல்லாம் பெயர் பரிச்சயம். அதே ஊரில்தான் யூரோபோல் அலுவலகமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் போலீஸ் துறைகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் அமைப்பு அது. 2017-ஆம் ஆண்டு மத்தியிலிருந்து அவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவருகிறார்கள். திறந்து பார்த்தால், பழைய சாமான் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு பையின் மேல் இருக்கும் முத்திரை, ஒரு துணியின் பூ வேலைப்பாடு. ஒவ்வொன்றோடும் ஒரே வகைக் கேள்வி: இது என்ன? எந்த நாட்டில் விற்கிறார்கள்?

அந்தப் பொருட்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரிந்தால் வயிறு கலங்கும். குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கி, அதைப் படமும் எடுத்துப் பரப்புகிற மிருகங்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படிப் பிடிபட்ட படங்களின் பின்னணியில் கிடந்த பொருட்கள்தான் இவை. குழந்தையை முற்றிலுமாக நீக்கிவிட்டு, பொருளை மட்டும் கத்தரித்துப் போடுகிறார்கள். அதுவும் எடுத்த எடுப்பில் அல்ல. போலீஸ் தன்னால் ஆன எல்லா வழியிலும் முயன்று, ஒன்றும் கிடைக்காமல் நின்ற பிறகுதான் பொதுமக்களிடம் வருகிறார்கள்.

எந்த நாடு என்று தெரிவதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். அதில்தான் எல்லாமே இருக்கிறது. படம் இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை ஸ்வீடனில் இருக்கிறதா, பிரேசிலில் இருக்கிறதா, நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறதா என்று தெரியாது. எந்த நாட்டுப் போலீஸ் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் கோப்பு நின்றுபோகிறது. "இந்த பிஸ்கட் எங்கள் நாட்டில் மட்டும்தான் விற்கிறது" என்று யாராவது சொன்னால் போதும், கோப்பு அந்த நாட்டுக்குப் போய்விடும். உள்ளூர்ப் போலீஸுக்கு வேலை பிறந்துவிடும்.

எனக்கு இதன் அருமை சட்டென்று புரிந்ததற்கு என் உத்தியோகம் காரணம். ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்தே தலை நரைத்தவன் நான். ராத்திரி வண்டியில் மெயில் வேனுக்குள் நின்றுகொண்டு கடிதங்களை அறை அறையாகப் போடுகிற வேலை. 1972-இல் பின்கோடு வந்தாலும் அதை எழுதாத புண்ணியவான்கள் ஏராளம். "முருகேசன், வாய்க்கா மேட்டு வீடு, மில்லுக்குப் பின்னாடி" என்று மட்டும் எழுதி, ஊர்ப் பெயர் மழையில் கரைந்துபோன உறை வரும். கையில் தூக்கிப் பிடித்து, "இது எந்த ஊருப்பா?" என்று குரல் கொடுப்போம். பவானிக்காரர் ஒருவர் இருப்பார், பெருந்துறைக்காரர் ஒருவர் இருப்பார். யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, இது எங்க ஊருக்குப் பக்கம்" என்பார். அவர் பெரிய அறிவாளி என்பதில்லை. அந்த வாய்க்கால் மேட்டில் விளையாடி வளர்ந்தவர், அவ்வளவுதான். யூரோபோல் செய்வதும் இதேதான். உறையை உலகத்துக்கே தூக்கிக் காட்டி, "இது எந்த ஊருப்பா?" என்று கேட்கிறார்கள்.

இந்த யோசனை அவர்களுக்கு முன்பே கனடாவில் முளைத்தது. டொராண்டோ நகரப் போலீஸிடம் ஒரு சிறுமியின் படங்கள் பல இருந்தன. யார், எங்கே என்று தெரியவில்லை. 2005 பிப்ரவரியில் அவர்கள் சிறுமியைப் படத்திலிருந்து அழித்துவிட்டு, எஞ்சிய இடங்களை மட்டும் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஓட்டல் அறைக் கட்டில், லிஃப்ட், ஒரு நீரூற்று, அவ்வளவுதான். அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் உடனே அடையாளம் சொல்லிவிட்டார்கள்: அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னி வளாகத்திலிருக்கும் ஒரு விடுதி! நூல் பிடித்துப் போனபோது, அந்தக் குழந்தை 2003-லேயே வேறொரு விசாரணையில் மீட்கப்பட்டிருந்ததும், கொடுமை செய்தவன் பிடிபட்டுவிட்டதும் தெரியவந்தது. குழந்தை வீடு சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அதன் படங்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தக் குற்றத்தின் கொடூரம் அதுதான். கை நின்றாலும் படம் நிற்பதில்லை.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாததா மனிதனுக்குத் தெரிந்துவிடப் போகிறது?" என்று என் பேரன் கேட்டான். சில காரியங்களில் கம்ப்யூட்டர் கெட்டிதான். அமெரிக்காவில் டிராஃபிக்கேம் என்று ஒரு செயலி 2016-இல் வந்தது. பயணம் போகிறவர்கள் தங்கள் ஓட்டல் அறையை நாலு கோணத்தில் படம் எடுத்து அதில் போட்டுவிடலாம். கடத்தப்பட்ட பெண்களை, குழந்தைகளை ஓட்டல் அறையில் வைத்து எடுத்த படம் போலீஸிடம் சிக்கினால், கம்ப்யூட்டர் அந்தச் சேமிப்போடு ஒப்பிட்டு, எந்த ஓட்டலாக இருக்கலாம் என்று சொல்ல முயலும். ஆனால் அந்தச் சேமிப்பைக் கொடுத்தது யார்? ஊர் சுற்றுகிற மனிதர்கள்தானே! யாரும் படம் எடுத்துப் போடாத பொருளைக் கம்ப்யூட்டர் எங்கே போய்த் தேடும்? ஈரோட்டுச் சந்தையில் முப்பது வருடத்துக்கு முன் விற்ற ஜமுக்காளத்தின் கரை எப்படியிருக்கும் என்பது, அதை நெய்தவர் நினைவில்தான் இருக்கும்.

ஆகவே இது படிப்பாளிகளின் வேலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மூன்று வட்டத் துளை. இங்கிலாந்தில் மூன்றும் நீள்சதுரம். ஜெர்மனியில் இரண்டு வட்டத் துளை. வெளிநாடு போய்ச் சார்ஜர் சொருக முடியாமல் திண்டாடிய யாருக்கும் இது தெரியும். ஓட்டு வீட்டின் சரிவு, தெருவிளக்குக் கம்பம், மருந்துப் பட்டையில் இருக்கும் எழுத்து, மலையின் முகடு, எல்லாமே முகவரிதான். பெல்லிங்கேட் என்ற புலனாய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களும் யூரோபோல் வெளியிட்ட இத்தகைய படங்களை ஆராய்ந்து இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பலன் என்ன? ஆரம்பித்ததிலிருந்து இருபதாயிரத்துக்கு மேல் தகவல்கள் யூரோபோலுக்கு வந்திருக்கின்றன. அதன் மூலம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். "ஆயிரம் பேர் சொன்னால் ஒரு குழந்தையா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கணக்குப் போட மாட்டேன். தகவல் கொடுக்கிறவருக்கு ஐந்து நிமிடச் செலவு, அதுவும் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம். அந்த ஒரு குழந்தைக்கு அது ஆயுள் முழுவதும். எந்த வங்கியில் இப்படி வட்டி கிடைக்கும்?

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

மக்களிடம் உதவி கேட்பது கத்தி மாதிரி. 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என்ன நடந்தது? குழந்தை கடத்துகிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. கூட வந்த சொந்தக்காரர்களும் படுகாயம் அடைந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டால், "குழந்தைகளைக் காப்பாற்றத்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் கையில் இருந்ததும் இதே செல்போன்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஹேக் நகரத்தில் கேட்பது பொருளைப் பற்றி. யார் செய்தான் என்று அவர்கள் நம்மிடம் கேட்பதில்லை. எங்கே விற்கிறது என்றுதான் கேட்கிறார்கள். பதில் நேராகப் போலீஸுக்குப் போகிறது, ஊருக்குப் போவதில்லை. நாம் தப்பாகச் சொன்னாலும் ஒரு ஷாம்பு பாட்டிலுக்கு மானம் போகாது. ஆராய்ந்து பார்த்துத் தள்ளிவிடுவார்கள். போளூர்ப் பக்கத்தில் மக்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை, தீர்ப்புச் சொன்னார்கள். ஜனங்களிடம் சாட்சியம் கேட்கலாம், தீர்ப்பு கேட்கக் கூடாது. இதுதான் என் கட்சி.

குற்றவாளியின் முகத்தையே காட்டிக் கேட்ட சந்தர்ப்பமும் உண்டு, மறைக்கவில்லை. வியட்நாமிலும் கம்போடியாவிலும் சிறுவர்களைச் சீரழித்த ஒருவன், படங்களில் தன் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் சுழற்றிக் குழப்பிப் போட்டிருந்தான். ஜெர்மன் போலீஸ் அதைத் திரும்பச் சுழற்றி முகத்தை மீட்டது. 2007 அக்டோபர் 8-ஆம் தேதி இன்டர்போல் அந்த முகத்தை உலகத்துக்குக் காட்டியது. முந்நூற்றைம்பது பேருக்கு மேல் தகவல் கொடுத்தார்கள். பதினோராம் நாள் தாய்லாந்தில் பிடிபட்டான். ஆனால் அதுவும் வேறு வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு, குற்றத்தின் படத்திலேயே இருந்த முகத்தை, பொறுப்புள்ள அமைப்பு ஒன்று காட்டியது. யாரோ ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "இவனைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று அனுப்புவது அதோடு சேராது.

நம் வயதுக்காரர்களுக்குக் குறிப்பாக ஒன்று. ஏதாவது குழுவில் ஒரு குழந்தையின் கொடூரமான வீடியோ வரும். "இந்தப் பாவியைப் பிடிக்கும்வரை பகிருங்கள்" என்று கீழே எழுதியிருக்கும். மனசு பதறி பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும், நாம் அனுப்புவது அந்தக் குழந்தையின் அவமானத்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில், இத்தகைய படங்களைப் பரப்புவதற்கு முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். வைத்திருப்பதே குற்றமா என்ற கேள்வியில், நம் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, சட்டம் எவ்வளவு கடுமையானது என்று விளக்கியது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவோ, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்பம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. செய்ய வேண்டியது, போலீஸுக்குச் சொல்வது. குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் இந்த வகைப் புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம்.

நம் மாநிலப் போலீஸுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப் பொருட்களை மட்டும் காட்டிக் கேட்கும் பக்கம் ஒன்றைத் தமிழில் நடத்துங்கள். பஸ் டிக்கெட்டின் நிறத்தைப் பார்த்து எந்தக் கோட்டம் என்று சொல்கிற ஓய்வுபெற்ற நடத்துனர்கள் இருக்கிறார்கள். பூட்டைப் பார்த்து திண்டுக்கல்லா வெளியூரா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுங்குடிச் சேலையின் புள்ளியைப் பார்த்துச் சொல்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். இந்த அறிவெல்லாம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை, எங்களோடு போய்விடும். போவதற்குள் ஒரு குழந்தைக்காவது பயன்படட்டுமே.

அதுவரை யூரோபோல் பக்கத்தையாவது வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே குழந்தைகளின் படம் இருக்காது, பயப்பட வேண்டாம். பத்துப் பொருளில் ஒன்பது நமக்குத் தெரியாததாகத்தான் இருக்கும். தெரியாவிட்டால் மூடிவிடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். தெரிந்த ஒன்று கண்ணில் பட்டால், காலை வணக்கச் செய்திகளை அனுப்பி முடித்த கையோடு அதையும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.