தன்விவரக் குறிப்பும் களக்குறிப்பேடும்

ஆராய்ச்சிப் பணிகளுக்கு விண்ணப்பம் செய்யும் நம் இளம் பட்டதாரிகளிடம் கல்வி குறைவாக இல்லை. தாம் செய்ததை எடுத்துரைக்கும் பழக்கமே குறைவாக இருக்கிறது. இக்குறையைப் போக்கும் பொறுப்பு மாணவரைவிட ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் மிகுதியாகச் சார்ந்தது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் கூறுவேன்.

போர்ட் பிளேர் நகரம் 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் நான் குடியிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அண்டை வீட்டார் ஒருவர், விஞ்ஞானப் பட்டம் பெற்ற தம் மகளை என்னிடம் அழைத்து வந்தார். தற்காலிக ஆராய்ச்சித் திட்டப் பணி ஒன்றிற்கான நேர்முகத் தேர்வில் அப்பெண் தோல்வியுற்றுக் கண்ணீருடன் திரும்பியிருந்தாள். அடுத்த விண்ணப்பத்தை நான் பார்த்துத் தரவேண்டும் என்பது தந்தையின் வேண்டுகோள்.

அவள் எழுதியிருந்த தன்விவரக் குறிப்பு, அதாவது நாம் வழக்கமாகப் பயோடேட்டா என்று கூறுவது, ஆங்கிலத்தில் பிழையின்றி இருந்தது. மொழிபெயர்ப்பே என் தொழிலாதலின் அதை மனத்திற்குள் தமிழாக்கிப் பார்த்தேன். ‘நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவுடன் இணைந்து பணியாற்ற வல்லவள்’ என்று வந்தது. இவ்வாறு தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள எந்தத் தமிழ்ப் பெண்ணும் நாணுவாள். நாணத்தை விடுவோம், இவ்வாக்கியங்களிலிருந்து அவளைப் பற்றி நாம் அறிவது என்ன? ஒன்றுமில்லை. தாய்மொழியில் பொருளற்று நிற்கும் வாக்கியம் ஆங்கிலத்திலும் பொருளற்றதே. நண்பர் ஒருவரின் குறிப்பைப் பார்த்து எழுதியதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

கல்லூரியில் இறுதியாண்டில் என்ன செய்தாய் என்று வினவினேன். சிப்பிகாட் பக்கத்துக் கிணறுகளின் நீரைச் சோதித்ததாகச் சொன்னாள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததும், சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டதும் வாசகர் அறிந்தவையே. அவள் 12 கிணறுகளில் இரு வாரங்களுக்கு ஒருமுறை, மூன்று மாத காலம், நீரின் மின்கடத்துதிறனை அளந்திருக்கிறாள். உப்பின் அளவை மதிப்பிட அதுவே எளிய வழி. ஆக 72 அளவீடுகள். மழைக்குப்பின் எந்தக் கிணறுகளில் உப்பு குறைந்தது, எவற்றில் குறையவில்லை என்பதும் அவள் நினைவில் இருந்தது. இவற்றுள் ஒன்றேனும் அவள் விண்ணப்பத்தில் இல்லை! ‘கல்லூரித் திட்டப்பணி முடித்துள்ளேன்’ என்ற ஒரே வரிதான் இருந்தது.

புகழுரைகளை நீக்கிவிட்டு, எங்கே, எத்தனை, எக்கருவியால், என்ன கண்டாள் என்பதை நான்கு வரிகளில் எழுதச் செய்தேன். களக்குறிப்பேடு எழுதும் முறையும் இதுவேயன்றோ?

இந்நாளில் நேர்முகத் தேர்வுக்கு இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசாங்கத்தில் ‘சி’ பிரிவுப் பதவிகளுக்கும், ‘பி’ பிரிவில் கெஜட் அந்தஸ்து இல்லாத பதவிகளுக்கும் 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் விஞ்ஞானி பதவிகளுக்கும், ஆராய்ச்சி நிலையங்களின் தற்காலிகத் திட்டப் பணிகளுக்கும் அது இன்றும் உண்டு. விஞ்ஞானத் துறையில் அடியெடுத்து வைக்கும் பட்டதாரி பெரும்பாலும் இத்தற்காலிகப் பணி வழியாகவே நுழைகிறார்.

நேர்முகத் தேர்வு குறையற்ற அளவுகோல் என்று நான் கூறவில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1979–80ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையின்போது எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்களே கிடைத்தன என்றும், பாடத்திற்குத் தொடர்பில்லாத வினாக்கள் கேட்கப்பட்டன என்றும் முறையீடு எழுந்தது. அஜய் ஹாசியா வழக்கு எனப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது நெறியற்றது என்று கூறியது. உளவியலாரின் முடிவும் இதற்கு அரண் செய்கிறது. எல்லோரிடமும் பணியை ஒட்டிய ஒரே வகை வினாக்களை வரிசையாகக் கேட்டு, முன்னரே வகுத்த அளவின்படி மதிப்பிடும் முறை, மனம்போனபடி உரையாடும் முறையைவிட ஒருவரது திறனை நன்கு முன்னுணர்த்துகிறது என்பதை ஷ்மிட், ஹன்டர் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர் 1998ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். தேர்வுக் குழுவினர் இதைக் கருத்திற் கொள்ளுதல் கடமை. காம்ப்பெல் பேயிலிருந்து கப்பலேறி வரும் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவது நியாயமாகாது.

நிற்க. மாணவர் செய்யத்தக்கவை சில உள. தாம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ‘எப்படி?’, ‘ஏன்?’ என்ற இரு வினாக்களை எழுப்பி, விடையை முதலில் தமிழில் உரக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். கருத்து தெளிந்தபின் ஆங்கிலமோ இந்தியோ பின்னால் வரும். அறியாததை அறியேன் என்று சொல்லத் தயங்கலாகாது. விஞ்ஞானத்தில் அதுவும் ஒரு நேர்மையான விடையே. மூலச் சான்றிதழ்களையும் அவற்றின் நகல்களையும் வரிசைப்படுத்தி வைப்பதும், கப்பல் தாமதத்திற்கு இடம்விட்டுப் புறப்படுவதும் தீவு மக்களுக்குத் தனியே சொல்லவேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உங்களிடம் பயிற்சி பெறும் மாணவருக்கு ‘நன்முறையில் பணியாற்றினார்’ என்று மட்டும் சான்றிதழ் வழங்காதீர்கள். அத்தகைய சான்றிதழ்கள் பலவற்றை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். பெயரை மாற்றினால் எவருக்கும் அவை பொருந்தும். அவர் அளந்தது என்ன, எண்ணியது எத்தனை, கையாண்ட கருவி யாது என மூன்று வரிகள் சேர்த்து எழுதுங்கள். முதலாண்டிலேயே ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, செய்த பணியைத் தேதியுடன் பதியச் சொல்லுங்கள். செலவில்லாத உதவி இது.

அப்பெண் மீண்டும் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். இருந்த இடம் ஒன்றே. அது வேறொருவருக்குக் கிடைத்தது. ஆயினும் இம்முறை அவள் அழவில்லை. கிணறுகளைப் பற்றித் தன்னிடம் பத்து நிமிடம் கேட்டார்கள் என்றும், ஒரு வினாவுக்கு மட்டும் விடை தெரியவில்லை என்றும் சொன்னாள். அவ்விடையைத் தேடிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டும் விட்டாள். அடுத்த விண்ணப்பத்தைப் பார்த்துத் தரும்படி அவள் என்னைக் கேட்கவில்லை.